ஆறரை மணி நேரத்துல நியூயார்க்கா? (வாசகர் கேள்வி-பதில்)

போன இதழ்ல நீண்ட தூர விமானப் பயணம் பத்தி ஒரே ஒரு கேள்விக்கு நாலு வரில பதில் சொல்லியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நினைக்கல. அதனால இந்தத் தடவை பக்கம் முழுக்க அதேதான்.

கேள்வி: என் பொண்ணு முதல் தடவையா சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க் போறா. டிக்கெட்ல ராத்திரி 11.30க்குக் கிளம்பி மறுநாள் காலைல 6 மணிக்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. கணக்குப் பாத்தா ஆறரை மணி நேரம்தான் வருது. ஆனா அவ பதினெட்டரை மணி நேரம்மாங்கறா. எது சார் சரி?

பதில்: உங்க பொண்ணு சொல்றதுதான்மா சரி. டிக்கெட்ல போடுற ரெண்டு நேரமும் ஒரே கடிகாரத்துல பாத்த நேரம் இல்ல. கிளம்புற நேரம் சிங்கப்பூர் கடிகாரம், இறங்குற நேரம் நியூயார்க் கடிகாரம். எல்லா டிக்கெட்டும் உலகம் பூரா இப்படித்தான், அந்தந்த ஊர் நேரம்.

எப்படிக் கணக்குப் போடணும்னா, முதல்ல ரெண்டையும் ஒரே ஊர் நேரத்துக்குக் கொண்டு வாங்க. நியூயார்க்ல கோடைகால நேரம் இருக்கிறப்ப சிங்கப்பூர் அதைவிட சரியா 12 மணி நேரம் முன்னாடி. அப்ப சிங்கப்பூர்ல ராத்திரி 11.30ன்னா நியூயார்க்ல அதே தேதி பகல் 11.30. அங்கிருந்து மறுநாள் காலை 6 மணி வரைக்கும் எண்ணுங்க, பதினெட்டரை மணி நேரம் சரியா வந்துடும். நவம்பர் முதல் ஞாயிறுல இருந்து மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் நியூயார்க்காரங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வெச்சிடுவாங்க, அப்ப வித்தியாசம் 13 ஆயிடும். இந்த ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டுட்டுப் போன் பண்ணி, அவ தூங்குறப்ப எழுப்பிவிட்டுடாதீங்க.

திரும்பி வர்றப்பதான் இன்னும் கவனம் வேணும். நியூயார்க்ல ராத்திரி 10.30க்குக் கிளம்பினா அப்ப சிங்கப்பூர்ல ஏற்கனவே மறுநாள் காலை 10.30. அதுக்கு மேல பதினெட்டரை மணி நேரம் பறந்தா அதுக்கும் அடுத்த நாள் விடியக்காலை 5 மணி. அதாவது 4ஆம் தேதி கிளம்பினவ 6ஆம் தேதி இறங்குவா. டிக்கெட்ல இறங்குற நேரத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல +2ன்னு இருக்கும், அதுதான் இது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. என் தங்கச்சி அமெரிக்காவுல இருந்து வந்தப்ப அந்த +2வை நாங்க +1ன்னு படிச்சிட்டோம். எழுபத்தெட்டு வயசு அப்பா, விடியக்காலை மூணு மணிக்கே எழுந்து குளிச்சி ரெடியாகி எங்களோட ஏர்போர்ட் வந்துட்டார். வருகை போர்டுல ஒவ்வொரு வரியா விரல் வெச்சுத் தேடினார், அந்த ஃப்ளைட் நம்பரே இல்ல. ரத்தாயிடுச்சோ, ஏதாவது ஆயிடுச்சோன்னு அவர் முகம் போன போக்கை இன்னிக்கும் என்னால மறக்க முடியல. தங்கச்சி அந்த நேரத்துல விமானத்துலயே ஏறல, ஏர்போர்ட்டுக்குக் கிளம்பக்கூட இல்ல, துணி மடிச்சிட்டு இருந்திருக்கா. அதனால கூட்டிட்டு வரப் போறவங்க மணியைப் பாக்கிறதுக்கு முன்னாடி தேதியைப் பாருங்க, அந்தப் பொடி எழுத்தை ரெண்டு பேர் படிங்க.

கேள்வி: ரெண்டு ஊருக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு நெட்ல தேடினா ஒரு இடத்துல 15,300ங்கறான், இன்னொரு இடத்துல 9,500, மூணாவது இடத்துல 8,260. எதை நம்புறது?

பதில்: மூணையும் நம்பலாம். முதல்ல இருக்கிறது கிலோமீட்டர், ரெண்டாவது மைல், மூணாவது நாட்டிக்கல் மைல். கப்பல்காரங்களும் விமானக்காரங்களும் இந்த மூணாவதைத்தான் புழங்குவாங்க, ஒரு நாட்டிக்கல் மைல்னா 1.852 கி.மீ. அதுக்கு மேலயும் பத்து இருபது கி.மீ. முன்ன பின்ன இருந்தா ஒண்ணு ஊர் நடுவுல இருந்து அளந்திருப்பான், இன்னொண்ணு ஏர்போர்ட்ல இருந்து அளந்திருப்பான், அதைப் பெரிசா எடுத்துக்க வேணாம்.

கேள்வி: சீட்டுக்கு முன்னாடி இருக்கிற ஸ்கிரீன்ல மேப் பாத்துட்டே வந்தேன். பெய்ஜிங்ல இருந்து நியூயார்க் போற விமானம் நேரா கிழக்கால போகாம வடக்கால வளைஞ்சு பனிப் பிரதேசத்துக்கே போயிடுது. எரிபொருள் இவ்வளவு விலை விக்கிறப்ப எதுக்கு இந்தச் சுத்து?

பதில்: சுத்தே இல்லைங்க, அதுதான் குறுக்கு வழி. இதை வாயால எவ்வளவு சொன்னாலும் மனசு ஏத்துக்காது, கையால செஞ்சு பாத்தாத்தான் புரியும். வீட்டுல குளோப் இருந்தா எடுத்துக்கோங்க, ஒரு நூலும் வேணும். பள்ளிக்கூடத்துல இருக்கிற குளோப் பெரும்பாலும் 30 செ.மீ. குறுக்களவுல இருக்கும், அந்த சைஸ்ல நூல்ல ஒரு செ.மீ.ன்னா நிஜத்துல சுமார் 425 கி.மீ.

பெய்ஜிங்கும் நியூயார்க்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில இருக்கு, ரெண்டுமே 40 டிகிரி வடக்கை ஒட்டி. முதல்ல அந்தக் கோட்டு மேலயே நூலை ஒட்டினாப்ல பிடிச்சு, பசிபிக் தாண்டி அமெரிக்காவைக் குறுக்கால கடந்து நியூயார்க் வரைக்கும் கொண்டு போங்க. கிட்டத்தட்ட 34 செ.மீ. நூல் ஆகும், அதாவது 14,400 கி.மீ. பக்கம். இப்ப ரெண்டு முனையையும் ரெண்டு ஊர்ல அழுத்திப் பிடிச்சிட்டு நூலை நல்லா இறுக்கி இழுங்க. நூல் அந்தக் கோட்டுல நிக்காது, வழுக்கிட்டு மேல ஏறி வட துருவத்துக்குப் பக்கத்துல போய் நிக்கும். இப்ப அளந்து பாருங்க, 26 செ.மீ. தான். அதாவது 11,000 கி.மீ. இறுக்கிப் பிடிச்ச நூல் எந்த வழியா போகுதோ அதுதான் உருண்டை மேல மிகக் குறைஞ்ச தூரம். 3,400 கி.மீ. மிச்சம், நேரமா சொன்னா நாலு மணி நேரம்.

தப்பு விமானத்து மேலயும் இல்ல உங்க கண்ணு மேலயும் இல்ல, மேப் மேல. உருண்டையை உரிச்சுத் தட்டையா பரப்பணும்னா எங்கேயாவது இழுத்துத்தான் ஆகணும். நாம பள்ளிக்கூடத்துல இருந்து பாக்கிற மேப் பெரும்பாலும் 1569ல மெர்கேட்டர் போட்ட முறையில வந்தது, அது கப்பல்காரங்க திசைகாட்டியை வெச்சு ஒரே திசையில போறதுக்காகப் போட்டது, அதுக்கு அது அருமையான மேப், ஆனா துருவம் பக்கம் போகப் போக எல்லாத்தையும் பெரிசாக்கிக் காட்டும். ஆப்பிரிக்கா நிஜத்துல கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு, மேப்ல பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிள்ளைங்க இருக்கிற வீட்டுல சுவத்துல ஒரு மேப் மாட்டினா பக்கத்துலயே ஒரு குளோப் வாங்கி வெச்சிடுங்க, இது என் வேண்டுகோள்.

குளோப் கையில இருக்கிறப்பவே இன்னொண்ணும் பாத்துடுங்க. விமானம் பறக்கிற உயரம் சுமார் 11 கி.மீ., அந்தக் குளோப்ல அது கால் மில்லிமீட்டர், நகத்தோட கனம்கூட இருக்காது. அவ்வளவு உயரத்துல பறக்கிறதால தூரம் ரொம்ப கூடிடாதான்னு ஒரு வாசகர் தனியா கேட்டிருந்தார், 15,000 கி.மீ.க்கு 26 கி.மீ. தான் கூடும், ரெண்டு நிமிஷம்.

கேள்வி: நான் எட்டாவது படிக்கிறேன். தூரம் தெரிஞ்சா எத்தனை மணி நேரம் ஆகும்னு நானே கண்டுபிடிக்க ஏதாவது ஃபார்முலா இருக்கா?

பதில்: இருக்கு தம்பி. கிலோமீட்டரை 850ஆல வகுத்து, வர்ற விடையோட அரை மணி நேரம் கூட்டிக்கோ. லண்டன்-நியூயார்க் சுமார் 5,540 கி.மீ., வகுத்தா ஆறரை, அரை மணி கூட்டினா 7 மணி நேரம். ஆஸ்திரேலியாவுல இருக்கிற பெர்த்-லண்டன் சுமார் 14,500 கி.மீ., வகுத்தா 17, கூட்டினா பதினேழரை. நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்துல வரும். விமானம் மேல போனதும் மணிக்கு 900 கி.மீ. வேகத்துலதான் போகும், ஆனா வழி கொஞ்சம் வளையும், காத்து இருக்கும், அதுக்காக 850. அந்த அரை மணி நேரம் ஏர்போர்ட்குள்ள உருள்றதுக்கும் ஏறி இறங்குறதுக்கும். டிக்கெட்ல போடுற நேரம் சக்கரம் தரையை விடுற நேரம் இல்ல, கதவை மூடி இடத்தை விட்டு நகர்ற நேரத்துல இருந்து போய்ச் சேர்ந்து நிக்கிற நேரம் வரைக்கும். உன் கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் வந்தா நீ தப்பு பண்ணலன்னு வெச்சுக்கோ, ஏன்னு அடுத்த பதில்ல இருக்கு.

கேள்வி: ஒரே ரூட், ஒரே மாதிரி விமானம், ஆனா லண்டன்ல இருந்து நியூயார்க் போறப்ப எட்டு மணி நேரம், திரும்பி வர்றப்ப ஏழுகூட ஆகல. பூமி சுத்துறதாலயா?

பதில்: பூமி சுத்துறது நேரடிக் காரணம் இல்ல, காத்துதான். பத்துப் பன்னெண்டு கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கு நோக்கி ஆறு மாதிரி ஒரு காத்து ஓடிட்டே இருக்கு, அதுக்கு ஜெட் ஸ்ட்ரீம்னு பேரு. குளிர்காலத்துல மணிக்கு 200, 300 கி.மீ.கூடத் தாண்டும். வாசாபுரோ ஓயிஷின்னு ஒரு ஜப்பானிய வானிலை அறிஞர் 1920கள்ல பலூன் பலூனா பறக்கவிட்டு இதைக் கண்டுபிடிச்சார். உலகம் பூரா படிக்கட்டும்னு 1926ல, எல்லா நாட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு உருவாக்கின எஸ்பெராண்டோ மொழில அறிக்கை எழுதினார், அந்த மொழி தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி, அதனால வெளியில யாரும் கவனிக்கல. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் மேல உயரமா பறந்த அமெரிக்க விமானிங்க எதிர்க்காத்துல நின்ன இடத்துலயே நிக்கிற மாதிரி ஆனப்பதான் இதோட பலம் அவங்களுக்கு உறைச்சது. நல்ல எண்ணத்தோட செஞ்ச ஒரு பெரிய வேலை இப்படிக் கவனிப்பாரில்லாம போனது எனக்கு இன்னமும் வருத்தம்.

2020 பிப்ரவரில சியாரா புயல் சமயத்துல இந்தக் காத்துல ஏறி ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துடுச்சு. தரையில இருந்து பாத்தா மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல. அப்ப ஒலியோட வேகத்தைத் தாண்டிடுச்சான்னா இல்ல, சுத்தி இருக்கிற காத்துக்குள்ள அது எப்பவும் போற வேகத்துலதான் போச்சு, அந்தக் காத்தே சேத்துத் தள்ளிட்டு வந்துடுச்சு. ஆத்துல நீந்துறவன் கதைதான்.

போறப்ப இழந்ததை வர்றப்ப எடுத்துடலாமேன்னு தோணும், அதுதான் கிடையாது. 900 வேகத்துல போற விமானம், 5,500 கி.மீ. தூரம், 100 கி.மீ. காத்துன்னு வெச்சுப் பாருங்க. பின்காத்துல அஞ்சரை மணி நேரம், எதிர்காத்துல 6 மணி 52 நிமிஷம். காத்தே இல்லாம போய் வர்றதைவிட இது 9 நிமிஷம் அதிகம். எதிர்காத்துல அதிக நேரம் மாட்டிக்கிறோம், பின்காத்துல கம்மி நேரம்தான் இருக்கோம், அதனால வரவும் செலவும் சமமாகாது.

இதனாலதான் விமானக்காரங்க ஒவ்வொரு நாளும் காத்தைப் பாத்து வழியை மாத்துறாங்க. முதல் கேள்விக்காரம்மா கவனிக்கணும், சிங்கப்பூர்-நியூயார்க் விமானம் சில நாள் துருவத்துப் பக்கம் போகாம பசிபிக் மேல கிழக்கால போகும், தூரம் ஆயிரம் கி.மீ. கூடினாலும் முதுகுல காத்து தள்றதால நேரத்துல லாபம். உங்க பொண்ணு போற விமானம் மேப்ல எதிர்பாராத பக்கம் போச்சுன்னா பதறாதீங்க.

கேள்வி: பூமிதான் சுத்துதே, ஹெலிகாப்டர் மாதிரி மேல போய் சும்மா நின்னா கீழ நமக்கு வேண்டிய ஊர் தானா வந்துடாதா?

பதில்: வராது. காத்தும் பூமியோட சேந்துதான் சுத்துது, விமானமும் அந்தக் காத்துக்குள்ளதான் இருக்கு. நிலநடுக்கோட்டுல தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்துல ஓடுது, நாம அதே வேகத்தோடதான் மேல ஏறுறோம். ஓடுற ரயில்ல எகிறிக் குதிச்சா அடுத்த பெட்டில போய் விழ மாட்டோம்ல, அதேதான்.

கேள்வி: பின்லாந்துல இருக்கிற ஹெல்சின்கில இருந்து டோக்கியோ முன்னெல்லாம் ஒன்பதரை மணி நேரம். இப்ப பதிமூணு ஆகுது. ஊர் நகந்துடுச்சா என்ன?

பதில்: ஊர் அங்கேயேதான் இருக்கு, வழியை அடைச்சிட்டாங்க. 2022 பிப்ரவரில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ஐரோப்பிய நாடுங்க ரஷ்ய விமானங்களுக்குத் தங்க வான்வெளியை மூடினாங்க, ரஷ்யா பதிலுக்கு இவங்களுக்கு மூடிடுச்சு. ஹெல்சின்கி-டோக்கியோ நூல் பிடிச்சுப் பாத்தா பெரும்பாலும் ரஷ்யாவோட சைபீரியா மேலதான் போகும், 7,800 கி.மீ. பக்கம். இப்ப ஒண்ணு வட துருவத்தைச் சுத்தணும் இல்ல தெக்கால இறங்கி மத்திய ஆசியா வழியா போகணும். அமெரிக்கா-ரஷ்யா பனிப்போர் காலத்துலயும் இதே கதைதான், ஐரோப்பாவுல இருந்து டோக்கியோ போற விமானங்க அலாஸ்காவுல ஆங்கரேஜ்ல இறங்கி எண்ணெய் போட்டுட்டுப் போகும், வயசானவங்க சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொரு விதியும் வழியை வளைக்கும். ரெண்டே எஞ்சின் இருக்கிற விமானம், ஒண்ணு நின்னுட்டாலும் மிச்சம் இருக்கிறதை வெச்சுக் குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஏதாவது ஒரு ஏர்போர்ட்ல இறங்க முடியற தூரத்துலயேதான் பறக்கணும். ஒரு காலத்துல 60 நிமிஷம், 1980கள்ல 120, 180ன்னு ஏத்தினாங்க, இன்னிக்குப் புது விமானங்களுக்கு அதுக்கு மேலயும் அனுமதி இருக்கு. நடுக்கடல்ல வழி கொஞ்சம் தீவு பக்கமா வளையறதுக்கு இதுவும் ஒரு காரணம். இந்த வளைவுக்கு ஆகுற பத்து நிமிஷத்தை யாரும் நொந்துக்கக் கூடாதுங்கறது என் கருத்து.

கேள்வி: டைரக்ட் ஃப்ளைட்னு போட்டிருந்ததாலதான் புக் பண்ணேன், நடுவுல ஒரு ஊர்ல இறக்கி ஒண்ணேகால் மணி நேரம் உக்கார வெச்சிட்டாங்க. ஏமாத்தறாங்களா?

பதில்: டைரக்ட்னா ஃப்ளைட் நம்பர் மாறாதுன்னு மட்டும்தான் அர்த்தம், நடுவுல இறங்கலாம். எங்கேயும் நிக்காம போகணும்னா நான்ஸ்டாப்னு போட்டிருக்கான்னு பாருங்க. ரெண்டு ஃப்ளைட் மாறிப் போறதா இருந்தா ரெண்டையும் ஒரே டிக்கெட்டா எடுங்க, முதல் ஃப்ளைட் லேட்டாகி அடுத்தது போயிட்டா வேற ஃப்ளைட்ல ஏத்திவிடுறது அவங்க பொறுப்பு. தனித்தனியா எடுத்தா அது உங்க தலையில விடிஞ்சிடும், பெட்டியையும் நடுவுல நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டி வரும், சில நாட்டுல அதுக்கு விசாவும் கேப்பாங்க.

கேள்வி: எனக்கு 66 வயசு. பதினேழு மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்து போக முடியுமா?

பதில்: முடியும், ஆனா ஒரே இடத்துல உக்காராதீங்க. கால் ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டிக்கிறதுதான் பயம், அதனால ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்க, உக்காந்திருக்கிறப்ப பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிட்டே இருங்க, நடைபாதை ஓர சீட்டாக் கேட்டு வாங்குங்க. உள்ள காத்து ரொம்ப வறண்டு இருக்கும், தண்ணி அடிக்கடி குடிங்க. முன்னாடி காலுல அப்படி ரத்தம் உறைஞ்சிருந்தாலோ சமீபத்துல ஆபரேஷன் ஆகியிருந்தாலோ டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேளுங்க. ஊர் நேரம் மாறினதால தூக்கம் குழம்புற ஜெட்லாக் கிழக்கால போறப்ப அதிகம் படுத்தும், ஏன்னா நம்ம உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், நாளை இழுக்கிறது அதுக்குச் சுலபம், சுருக்கறது கஷ்டம். போய்ச் சேர்ந்ததும் முக்கியமான வேலை எதையும் முதல் ரெண்டு நாள் வெச்சுக்காதீங்க.

கேள்வி: ஒரே பயணத்துல ரெண்டு சூர்யோதயம் பாக்க முடியுமா?

பதில்: இப்ப ஓடுற வழக்கமான சர்வீஸ்ல கஷ்டம், ஆனா வரப் போகுது. சிட்னில இருந்து லண்டனுக்கு எங்கேயும் நிக்காம 20 மணி நேரத்துக்கும் மேல பறக்கிற சர்வீஸுக்கு ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் தயாராகிட்டு இருக்கு, 2019ல லண்டன்ல இருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிஷம் சோதனையாவும் பறந்து பாத்துட்டாங்க. அந்தத் திட்டத்துக்கு சன்ரைஸ்னு பேர் வெச்சதே பழைய ஒரு பயணத்தோட நினைவாத்தான்.

1942ல சிங்கப்பூர் ஜப்பான் கையில விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமான வழி அறுந்துடுச்சு. 1943ல இருந்து 1945 வரைக்கும் பெர்த்ல ஒரு ஆத்துல இருந்து கேட்டலினாங்கற கடல் விமானம் கிளம்பி, இந்து மகா சமுத்திரத்தைக் குறுக்கால தாண்டி, இலங்கையோட தென்கரையில கொக்கலை ஏரில வந்து இறங்கும். 5,600 கி.மீ.க்கு மேல, நடுவுல நிக்கிறதுக்கு இடமே கிடையாது. வேகம் மணிக்கு 200 கி.மீ. பக்கம், அதனால 27 மணி நேரத்துல இருந்து 33 மணி நேரம் வரைக்கும் ஆகும். இன்னிக்கு இதே தூரம் ஏழு மணி நேரம்தான். எரிபொருள் எடையே அவ்வளவு இருந்ததால பயணிங்க மூணே பேர்தான் ஏற முடியும், அப்புறம் கொஞ்சம் தபால் மூட்டை. எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு ரேடியோல பேச மாட்டாங்க, ராத்திரி நட்சத்திரத்தைப் பாத்துத்தான் வழி பிடிப்பாங்க.

ஒரு விடியல் கிளம்பின கையோட, அடுத்த விடியல் கடல் மேலயேன்னு வழியில ரெண்டு தடவை சூரியன் உதிக்கும். இறங்கினதும் ஒவ்வொரு பயணி கையிலயும் ஒரு சான்றிதழ் குடுப்பாங்க, இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல தரையைத் தொடாம வானத்துலயே இருந்தீங்கன்னு. அதுல 'இரட்டைச் சூர்யோதய ரகசிய அணி'ன்னு தலைப்பு போட்டிருக்கும்.